வன்னியில் பெருங்குடல் புற்றுநோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் கிளினிக் வரிசைகளிலும், ஊர்க் கூட்டங்களிலும், செத்த வீடுகளிலும்கூடப் பெருங்குடல் புற்றுநோயைப் பற்றி ஒரே ஐயங்களே திரும்பத் திரும்ப எழுப்பப்படுவதால், அவற்றை ஓரிடத்தில் தொகுத்து விடை எழுதியுள்ளேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். விடைகள் பொது அறிவுக்கானவை. உங்களை நேரில் சோதித்த மருத்துவரின் முடிவுக்கு இவை மாற்றாகமாட்டா.

பெருங்குடல் கான்சர் எண்டால் என்ன? வயித்துக் கான்சரும் இதுவும் ஒண்டோ?

ஒன்றல்ல. உணவு முதலில் தங்கும் இரைப்பையில் தோன்றுவதையே பொதுவாக வயிற்றுப் புற்றுநோய் என்கிறோம். சிறுகுடல் முடியும் இடத்தில், வலப்பக்க அடிவயிற்றில் தொடங்கி, மேலேறி, குறுக்கே சென்று, இடப்பக்கமாக இறங்கி மலவாசல்வரை செல்வது பெருங்குடல். அதன் கடைசிப் பகுதி நேர்குடல். இவ்விரண்டிலும் தோன்றும் புற்றுநோய்கள் புள்ளிவிவரங்களில் பெரும்பாலும் சேர்த்தே எண்ணப்படுகின்றன.

பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்கள் குடலின் உட்சுவரில் பொலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகவே ஆரம்பிக்கின்றன. எல்லாப் பொலிப்பும் புற்றுநோயாக மாறுவதில்லை. மாறுகின்றவற்றுக்கும் வழக்கமாகப் பத்து ஆண்டுகள் அளவில் எடுக்கும். இந்த நீண்ட இடைவெளியில் பொலிப்பைக் கண்டு அகற்றிவிட்டால், அந்த இடத்தில் புற்றுநோய் வராமலே தடுக்கலாம். வேறு பல புற்றுநோய்களில் கிடைக்காத வாய்ப்பு இது.

இது தொத்துற வருத்தமோ? ஒரே கக்கூசைப் பாவிக்கலாமோ?

தொற்றாது. ஒரே மலசலகூடம், ஒரே கோப்பை, ஒரே படுக்கை எதனாலும் பரவாது. நோயாளிக்குத் தனிப் பாத்திரம் ஒதுக்கி வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. அதற்கு மருத்துவக் காரணம் எதுவுமில்லை. நோயாளியின் மனத்தை அது மிகவும் புண்படுத்தும்.

எங்கட பக்கம் இந்தக் கான்சர் எவ்வளவு இருக்கு? மற்ற இடங்களை விடக் கூடவோ குறைவோ?

உலகளவில் இது மூன்றாவது அதிகமாகக் காணப்படும் புற்றுநோய், இறப்புகளில் இரண்டாவது. 2022ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி 19 இலட்சத்துக்கும் அதிகமானோருக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டு, 9 இலட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள வீதம் தென்னாசியாவின் வீதத்தைப் போலப் பல மடங்கு. எனினும் இலங்கையில் இவ்வெண்ணிக்கை கடந்த சில பத்தாண்டுகளாக ஏறி வந்திருக்கிறது. இன்று ஆண்கள், பெண்கள் இருபாலாரிலும் அதிகம் காணப்படும் ஐந்து புற்றுநோய்களுள் இதுவும் ஒன்று.

வன்னிக்கென்று ஒரு வீதத்தைச் சொல்ல முற்படும்போது அவதானம் தேவை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவில் ஏறத்தாழ 92,000 பேரும், மன்னாரில் ஓர் இலட்சம் அளவிலும், கிளிநொச்சியில் 1,13,000 அளவிலும், வவுனியாவில் 1,72,000 அளவிலும் வாழ்ந்தனர். நான்கையும் கூட்டினாலும் ஐந்து இலட்சத்தை எட்டவில்லை. ஒரு மாவட்டத்தில் ஆண்டுக்குப் பத்துப் பேருக்கு இந்நோய் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வருடம் ஆறு பேராகவும் மறு வருடம் பதினான்கு பேராகவும் அது அமைவது தற்செயலாகவே நிகழக்கூடியது. அந்த இரண்டு வருடங்களை மட்டும் ஒப்பிட்டு ‘நோய் இரட்டிப்பாகிவிட்டது’ என்று எழுதுவது தவறு. பல ஆண்டுகளைச் சேர்த்தே பார்க்க வேண்டும். மேலும், இது வயதானவர்களிடம் அதிகம் காணப்படும் நோயாதலால், இளவயதினர் கூடிய ஒரு மாவட்டத்தையும் முதியோர் கூடிய ஒரு மாவட்டத்தையும் வயது வேறுபாட்டைச் சரிசெய்யாமல் ஒப்பிட்டால் கிடைப்பது பிழையான படமே.

மூன்றாவதாக, பதிவு. புற்றுநோய்ப் பதிவேடு பெரும்பாலும் சிகிச்சை நிலையங்களிலிருந்தும் ஆய்வுகூடங்களிலிருந்தும் தகவல் பெறுகிறது. புதுக்குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர் யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டு விலாசத்தைக் கொடுத்துச் சிகிச்சை பெற்றால், அவர் யாழ்ப்பாணத்தவராகவே எண்ணப்படக்கூடும். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கமரா பரிசோதனைக்கே போகாமல் வீட்டில் இறந்தவர் எந்த எண்ணிக்கையிலும் வரமாட்டார். ஆகவே, வைத்தியசாலையில் பதிவாகும்போது உங்கள் நிரந்தர விலாசத்தையே கொடுங்கள். மாவட்டத்துக்கு என்ன வசதி தேவை என்பதைத் தீர்மானிப்பவர்கள் அந்தப் பதிவைத்தான் பார்க்கிறார்கள்.

எங்கட கிராமத்தில ஒரே வருசத்தில மூண்டு பேருக்குக் கான்சர். ஊரிலதான் ஏதோ பிழை எண்டு நினைக்கிறம்.

முதலில் அந்த மூன்றும் எந்தெந்தப் புற்றுநோய்கள் என்று கேட்டறியுங்கள். ஒருவருக்கு வாயில், ஒருவருக்கு மார்பில், ஒருவருக்குக் குடலில் என்றால் அவை காரணத்தாலும் போக்காலும் வெவ்வேறு நோய்கள். ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று கருத இடமில்லை. மூன்றும் ஒரே வகையாகவும், குறிப்பாக இளவயதினரிடமும் இருந்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ எழுத்தில் அறிவிப்பது முறையானது. மூவரும் இரத்த உறவினராக இருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். அதற்கான காரணம் பரம்பரை பற்றிய விடையில் வருகிறது.

கடைசி யுத்தத்தில சுவாசிச்ச புகையும், வெடிச்ச குண்டுகளும்தான் காரணம் எண்டு சொல்லுகினம். உண்மையோ?

இக்கேள்வியைத் தட்டிக்கழிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. அந்த மாதங்களைக் கடந்து வந்தவர்கள் தங்கள் உடலில் நிகழும் எதற்கும் அங்கே காரணம் தேடுவது இயல்பானது. ஆயினும், பெருங்குடல் புற்றுநோய்க்கென மருத்துவம் உறுதிசெய்துள்ள காரணங்களில் குண்டுப் புகையோ உடலில் தங்கிய எறிகணைத் துண்டோ இல்லை. இப்போது அதிகம் பேருக்கு வருவதாகத் தோன்றுவதற்கு விளங்கக்கூடிய காரணங்கள் வேறு உள்ளன: முன்பு ‘வயித்துக்குள்ள கட்டி’ என்ற பெயரோடு முடிந்துபோனவை இன்று சோதனை செய்து பெயரிடப்படுகின்றன, அன்று நாற்பதில் இருந்தவர்கள் இன்று ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கிறார்கள், நீரிழிவும் உடற்பருமனும் கூடியிருக்கின்றன.

யுத்தம் வேறொரு வழியில் இந்நோயோடு தொடர்புபடுகிறது. பலமுறை இடம்பெயர்ந்ததில் கிளினிக் கொப்பிகளும் பழைய அறிக்கைகளும் தொலைந்தன. அதைவிடப் பெரிய இழப்பு குடும்ப வரலாறு. தந்தையை முப்பத்தெட்டு வயதில் எறிகணைக்கும், தாயின் சகோதரர்களைக் காணாமற்போனோர் பட்டியலுக்கும் கொடுத்த ஒருவரிடம் மருத்துவர் ‘குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா?’ என்று கேட்டால், அவர் ‘இல்லை’ என்கிறார். இருந்ததா இல்லையா என்று தெரியவரும் வயதை அவர்கள் அடையவே விடப்படவில்லை. இப்படியானவர்கள் ‘இல்லை’ என்று சொல்லாமல், ‘தெரியாது, இளவயதிலேயே இறந்துவிட்டார்கள்’ என்று சொல்வதே சரியான தகவல். மருத்துவரும் அதை வேறாகவே எடுத்துக்கொள்வார்.

அப்ப தண்ணியும் வயலுக்கு அடிக்கிற மருந்தும்?

கிணற்று நீரின் கடினத்தன்மையோ அதிலுள்ள புளோரைட்டோ பெருங்குடல் புற்றுநோய்க்குக் காரணமென நிறுவப்படவில்லை. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பேசப்படும் காரணமறியாச் சிறுநீரக நோய் தனியான வேறொரு பிரச்சினை. களைநாசினியான கிளைபோசேற்றைப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ள பொருளாக 2015இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியபோது, மனிதரிடம் அது சுட்டிய நோய் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய். குடல் புற்றுநோய் அன்று. இதைச் சொல்வதனால் வெறுங்கையோடு மருந்தடிக்கலாம் என்று பொருளாகாது. கையுறையும் முகமூடியும் வேறு பல காரணங்களுக்காகக் கட்டாயம் தேவை.

எல்லாத்தையும் இல்லை எண்டு சொல்லுறியள். உண்மையான காரணங்கள்தான் எவை?

முதலாவது வயது. ஐம்பதுக்கு மேல் ஆபத்து வேகமாக ஏறுகிறது. எனினும் பல நாடுகளில் ஐம்பதுக்குக் குறைந்தவர்களிடையே இந்நோய் கூடி வருவதும் பதிவாகியுள்ளது. இரண்டாவது குடும்பம்: பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. முன்பு பொலிப் அகற்றப்பட்டவர்களுக்கும், குடற்புண் அழற்சி போன்ற நீண்டகாலக் குடல் அழற்சி உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

இவை நம் கையில் இல்லாதவை. கையில் உள்ளவை: புகைத்தல், மதுபானம், உடற்பருமன், குறிப்பாக வயிற்றைச் சுற்றிய கொழுப்பு, உடலுழைப்பின்மை, பதப்படுத்திய இறைச்சி, அளவு மீறிய சிவப்பு இறைச்சி, நார்ச்சத்துக் குறைந்த உணவு. இரண்டாம் வகை நீரிழிவும் ஆபத்தை ஓரளவு கூட்டுகிறது. சுருட்டும் பீடியும் சிகரெட்டுக்குச் சமமான புகையிலைதான்.

நாங்கள் சோறும் மரக்கறியும் தின்னுற ஆக்கள். எங்களுக்கும் வருமோ?

வரும். உணவு ஆபத்தைக் குறைக்கும், இல்லாமற் செய்யாது. மரக்கறி மட்டுமே உண்பவரிலும் இந்நோய் காணப்படுகிறது.

அத்துடன், ‘சோறும் மரக்கறியும்’ என்று நாம் நினைக்கும் உணவு இன்று தட்டில் அப்படியே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தீட்டாத குத்தரிசிச் சோறு, குரக்கன் பிட்டு, அவித்த பயறு, கௌபி, முருங்கையிலை வறை, ஒடியல் கூழ் என்பவை நார்ச்சத்து நிறைந்தவை. இன்று பல வீடுகளில் காலையில் பாண், இரவில் கொத்துரொட்டி அல்லது கோதுமை மாப் பிட்டு, இடையில் பிஸ்கற் என்றாகிவிட்டது. முழுத்தானியமும் நார்ச்சத்தும் பாலுணவும் இந்நோயின் ஆபத்தைக் குறைக்கின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. வன்னியின் எருமைத் தயிர் அந்த வகையில் ஒரு நல்ல உணவு, சீனியை அள்ளிப் போடாதவரை. உடலுழைப்பும் அவ்வாறே காக்கிறது. வயலில் குனிந்து நிமிர்ந்த தலைமுறைக்கு இருந்த பாதுகாப்பு, அதே சோற்றின் அளவை உண்டு, நாள் முழுவதும் கடையிலோ கந்தோரிலோ அமர்ந்திருக்கும் தலைமுறைக்கு இல்லை.

காட்டிறைச்சி, வத்தல் இறைச்சி, கருவாடு எல்லாம் கூடாதோ?

உப்பிட்டோ, புகையூட்டியோ, வேறு முறையில் பதப்படுத்தியோ வைத்த இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று 2015இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் உறுதிசெய்தது. கடையில் வாங்கும் சோசேஜ் மட்டும் இதில் அடங்குகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அடுப்புக்கு மேல் புகையில் தொங்கவிட்ட உப்பிட்ட வத்தல் இறைச்சியும் இவ்வகையினதே. மாடு, ஆடு, பன்றி, மான், மரை ஆகியவற்றின் புதிய இறைச்சி சிவப்பு இறைச்சி. அதன் ஆபத்துக்கான ஆதாரம் அதைவிடச் சற்றுக் குறைவு.

நாளொன்றுக்கு 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பது ஆபத்தை ஏறத்தாழ 18 வீதம் கூட்டுகிறது. இதைப் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று விளங்கிக்கொள்ளக் கூடாது. ஆயிரம் பேரில் 20 பேருக்கு வாழ்நாளில் வருமென்றால், எல்லோரும் தினமும் அவ்வளவு உண்ணும்போது அது 24 பேரளவில் ஆகும். பொங்கலுக்கோ வேள்விக்கோ ஒருநாள் இறைச்சி உண்பவர் அஞ்ச வேண்டியதில்லை. நாள்தோறும் உண்பவர் குறைக்க வேண்டும். கருவாடு மீன்வகை. அதன் உப்பு இரத்த அழுத்தத்துக்குக் கூடாது. ஆனால் பெருங்குடல் புற்றுநோயின் நிறுவப்பட்ட காரணங்களில் அது இல்லை.

வெத்திலை போடுறவைக்கும் கள்ளுக் குடிக்கிறவைக்கும் வருமோ?

வெற்றிலை, பாக்கு, புகையிலை வாய்க்கும் தொண்டைக்கும் உணவுக் குழாய்க்கும் புற்றுநோயைத் தருபவை. அதற்காகவே விட வேண்டும். மதுபானம் பெருங்குடல் புற்றுநோய்க்கு நேரடியான காரணம். ஆபத்தைத் தருவது அதிலுள்ள அற்ககோல் என்பதால் கள், சாராயம், பியர், கசிப்பு என்ற வேறுபாடு இங்கே உதவாது. ‘கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி’ என்பது குடலைக் காக்காது.

மலத்தோட இரத்தம் போகுது. மூலவியாதி எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம். பயப்பட வேணுமோ?

இப்பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். மலத்தோடு இரத்தம் போகின்றவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு மூலமோ ஆசனவாய் வெடிப்போதான் காரணம், புற்றுநோய் அல்ல. ஆனால் எவருக்கு எது என்பதைப் பார்க்காமல் சொல்ல எவராலும் முடியாது. மூலம் இருப்பவருக்கு அதற்கு மேலே கட்டியும் இருக்கலாம். வன்னியில் இந்நோய் பிந்திக் கண்டறியப்படுவதற்கு, என் மதிப்பீட்டில், ‘மூலம்தான்’ என்று சோதிக்காமல் சொல்லிக்கொள்வதே தலையாய காரணம்.

மூலத்தின் இரத்தம் பொதுவாகப் பிரகாசமான சிவப்பு, மலம் கழித்த பின் சொட்டும் அல்லது மலத்தின் மேல் கோடாகப் படிந்திருக்கும், நோ இருக்காது. மலத்தோடு கலந்த கருஞ்சிவப்பு இரத்தம், சளியோடு சேர்ந்த இரத்தம், வழமையான மலப்போக்கு மாறிச் சில வாரங்களாகத் திரும்பாமை, ஒருமுறை போய் வந்த பின்னும் முழுதாகப் போகவில்லை என்ற உணர்வு, மெலிவு, வயிற்றில் தடிப்பு ஆகியவை கூடிய சந்தேகத்துக்குரியவை. இருந்தும், நேர்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டியும் பிரகாசமான சிவப்பு இரத்தத்தைத் தரும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். பீற்றூட் உண்டால் மலம் சிவக்கும். இரும்புச்சத்துக் குளிசை எடுத்தால் கறுக்கும். அவற்றை நிறுத்திச் சில நாட்களில் பழைய நிறம் வந்துவிடும்.

நாற்பது வயதைத் தாண்டிய ஒருவருக்குப் புதிதாக இரத்தம் போகத் தொடங்கினால், அல்லது எந்த வயதிலும் அது திரும்பத் திரும்ப வந்தால், அருகிலுள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் சென்று, ‘மலத்தோடு இரத்தம் போகிறது, இத்தனை வாரமாக’ என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். ‘வயித்துக்குள்ள ஒரு மாதிரி’ என்று சொன்னால் காஸ்ரிக் குளிசையோடு அனுப்பப்படுவீர்கள். சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு அனுப்பும் துண்டு கேளுங்கள்.

பரியாரியாரிட்ட மூலத்துக்கு மருந்து எடுக்கிறன். அதை விட வேணுமோ?

மூலம் என்று சோதித்து உறுதியான பின், துத்தியிலையோ கருணைக்கிழங்கோ உணவில் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. நாட்டு மருந்தின் மீது குறை காண்பதற்காக இதைச் சொல்லவில்லை: இரத்தப்போக்கு இடைக்கிடை தானாகவே நின்றுவிடும் தன்மையுடையது, கட்டியிலிருந்து வருவதும் அப்படித்தான். மருந்து எடுத்த காலத்தில் நின்றதை வைத்து நோய் தீர்ந்ததாகக் கொள்ள முடியாது. முதலில் சோதனை, பின்பு எந்த மருந்தும்.

அம்மாவுக்கு இரத்தம் ஒண்டும் போகேல்லை. ஆனால் ரெண்டு வருசமா ‘இரத்தம் காணாது’ எண்டு குளிசை குடுக்கினம்.

வலப்பக்கப் பெருங்குடலில் உள்ள கட்டி கண்ணுக்குத் தெரியாத அளவில் நாள்தோறும் கசியும். வெளியே எதுவும் தெரியாது. களைப்பு, மூச்சு வாங்கல், வெளிறிய முகம், குறைந்த ஹீமோகுளோபின் மட்டுமே தெரியும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும், எந்த வயது ஆணுக்கும் இரும்புச்சத்துக் குறைவால் இரத்தச்சோகை வந்தால், இரும்பு எங்கே போகிறது என்று தேட வேண்டும். சாப்பாடு போதாமை, கொழுக்கிப்புழு, தலசீமியா ஆகியவையும் இரத்தச்சோகையைத் தருபவை; அவற்றையும் பார்க்க வேண்டும். குளிசையை நிறுத்தியதும் மீண்டும் இரத்தம் இறங்குகிறதென்றால், மருத்துவரிடம் குடலைப் பார்க்க வேண்டுமா என்று நேரடியாகக் கேளுங்கள்.

விரல் விட்டுப் பாப்பினமாம். வெக்கமாக் கிடக்கு, அதால போகேல்லை.

இதைச் சொல்பவர்களில் ஆண்களும் பெண்களைப் போலவே உள்ளனர். சோதனை ஒரு நிமிடத்துக்குள் முடியும். இடப்பக்கம் சரிந்து முழங்காலை மடித்துப் படுக்க வேண்டும், மறைப்புப் போடப்படும், கையுறையும் வழுக்கும் களிம்பும் பாவிக்கப்படும். பெண்கள், பெண் மருத்துவரையோ உடன் ஒரு பெண் தாதியையோ கேட்கலாம். அது உங்கள் உரிமை. நேர்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டி விரலுக்கு எட்டும் என்பதால், எந்தக் கருவியும் இல்லாத சிறிய வைத்தியசாலையிலும் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள சோதனை இது.

கமரா விடுறது நோகுமோ? முல்லைத்தீவில இருந்து யாழ்ப்பாணம் போய் எப்பிடிச் செய்யிறது?

வளையக்கூடிய, விரற்கனமான ஒரு குழாயை மலவாசல் வழியாகச் செலுத்திப் பெருங்குடலின் உட்சுவர் முழுவதையும் பார்ப்பதே கொலனொஸ்கொபி. காற்றை ஊதும்போது வயிறு பொருமும், வளைவுகளைக் கடக்கும்போது இழுத்துப் பிடிக்கும். மயக்க ஊசி போடுவதால் பலருக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. பொலிப் காணப்பட்டால் கம்பிச் சுருக்குத் தடத்தால் அப்போதே அகற்றப்படும். சந்தேகமான இடத்தில் சிறு சதைத் துண்டு எடுத்துப் பயொப்சிக்கு அனுப்பப்படும். குடலில் துளை விழும் ஆபத்து உண்டு, ஆனால் மிக அரிது: ஆயிரத்தில் ஒருவர் அளவிலோ அதற்கும் குறைவாகவோ.

உண்மையான சிரமம் அதற்கு முந்திய நாளில்தான். குடல் முழுவதும் சுத்தமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறிய பொலிப் தெரியாது, முழுவதையும் திரும்பச் செய்ய நேரிடும். இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பிருந்தே கீரை, வெண்டிக்காய், தக்காளி விதை, எள், தவிட்டரிசி ஆகியவற்றைத் தவிர்த்து, வெள்ளைச் சோறு, மீன், முட்டை என்று இருக்க வேண்டும். பரிசோதனைக்கு முந்திய நாள், வடித்த கஞ்சித்தண்ணீர், இளநீர், வெறுந்தேநீர் போன்ற நீராகாரம் மட்டும். சிவப்பு நிறப் பானம் வேண்டாம். தரப்படும் பொடியைச் சொன்ன அளவு தண்ணீரில், பெரும்பாலும் 2 முதல் 4 லீற்றரில், கரைத்துக் குடிக்க வேண்டும். அதன்பின் வயிற்றோட்டம்போலப் பலமுறை போகும். கடைசியில் வெளிவருவது தெளிந்த மஞ்சள் தண்ணீராக இருந்தால் ஆயத்தம் சரி.

இந்த நிலையில் துணுக்காயிலிருந்தோ மாங்குளத்திலிருந்தோ அதிகாலைப் பேருந்தில் ஏறி யாழ்ப்பாணம் போவது மனிதரால் இயலாத காரியம். ஆகவே திகதி தரும்போதே தூரத்தைச் சொல்லி, முதல் நாளே வாட்டில் அனுமதிக்க முடியுமா என்று கேளுங்கள். இல்லையேல் யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில், மலசலகூடம் கிட்டவாக உள்ள இடத்தில் தங்குங்கள். இரும்புக் குளிசையை ஒரு வாரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். இரத்தத்தை இளக்கும் குளிசை, நீரிழிவு மருந்து, இன்சுலின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் திகதி எடுக்கும்போதே கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து தருவதால் கூட ஒருவர் வர வேண்டும். அன்று மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது.

இங்கிலாந்தில இருக்கிற தம்பிக்குத் தபாலில ஒரு பரிசோதனைப் பெட்டி வந்ததாம். எங்களுக்கு ஏன் இல்லை?

அது மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் கண்டறியும் சோதனை. இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரையானோருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அனுப்பப்படுகிறது. கனடாவின் பல மாகாணங்களிலும் இதே வயதினருக்கு இத்திட்டம் உண்டு. அமெரிக்காவில் சோதனையைத் தொடங்கும் வயது 2021இல் 50இலிருந்து 45ஆகக் குறைக்கப்பட்டது. இலங்கையில் நோய்க்குறி இல்லாத அனைவருக்குமான இத்தகைய தேசியத் திட்டம் இல்லை. நோயின் வீதம் அந்நாடுகளைவிடக் குறைவு என்பது ஒரு காரணம்; சோதனையில் இரத்தம் காணப்பட்ட ஒவ்வொருவருக்கும் கமரா செய்ய வேண்டும், அதற்கான கருவிகளும் நிபுணர்களும் இருக்கின்ற நோயாளிகளுக்கே போதாமல் இருக்கிறார்கள் என்பது மற்றது. எனவே இங்கே நோய்க்குறி உள்ளவரும் குடும்ப வரலாறு உள்ளவரும் பிந்தாமல் போவதே முக்கியம்.

உங்கள் தம்பி அந்தப் பெட்டியைப் பாவிக்க வேண்டும். குறைந்த வீதமுள்ள நாட்டிலிருந்து கூடிய வீதமுள்ள நாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்களின் ஆபத்து, ஓரிரு தலைமுறைக்குள் புதிய நாட்டின் அளவை நோக்கி ஏறுவது பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. ‘எங்கட ஆக்களுக்கு உது வராது’ என்று பெட்டியை அலுமாரிக்குள் வைப்பவர்கள் பலர்.

தனியார் ஆய்வுகூடத்தில இரத்தத்தில சீ.ஈ.ஏ. பாத்தன். நோர்மல். இனிக் கமரா தேவையில்லைத்தானே?

தேவை. சீ.ஈ.ஏ. என்பது சில புற்றுநோய்களில் இரத்தத்தில் கூடும் ஒரு புரதம். அதன் அளவு, ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டவரைச் சிகிச்சைக்குப் பின் கண்காணிக்க உதவுவது. ஆரம்ப நிலைப் புற்றுநோயில் அது சாதாரணமாகவே இருக்கலாம். புகைப்பவரில் நோயின்றியும் கூடலாம். அவ்வாறே, கண்ணுக்குத் தெரிய இரத்தம் போகின்றவருக்கு மலச் சோதனை ‘இல்லை’ என்று வந்தாலும் கமராவைத் தவிர்க்க முடியாது.

என்ர உடம்பில ஷெல் துண்டு இருக்கு. ஸ்கான் எடுக்கலாமோ?

சீ.ரி. ஸ்கான் எடுக்கலாம்; உலோகம் படத்தை அவ்விடத்தில் சிறிது குழப்புமே தவிர உடலுக்கு ஆபத்தில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கான் வேறு. நேர்குடல் புற்றுநோய் எவ்வளவு பரவியுள்ளது என்று பார்க்க எம்.ஆர்.ஐ. அடிக்கடி தேவைப்படுகிறது, அது வலிய காந்தம். உருக்குத் துண்டு அதில் அசையவோ சூடாகவோ கூடும். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் அருகில் இருந்தால் பாரிய தீங்கு நேரலாம். துண்டு எங்கே இருக்கிறது என்பதைத் திகதி எடுக்கும்போதும், ஸ்கான் அறைக்குள் போக முன்பும், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். முன்பே எக்ஸ்றே எடுத்து இடத்தை உறுதிசெய்து முடிவெடுப்பார்கள். எந்தத் தரப்பின் துண்டு, எப்படிப் பட்டது என்ற விளக்கம் எதுவும் தேவையில்லை. ‘உடம்பில் உலோகத் துண்டு இருக்கிறது’ என்பது போதும்.

சொந்தத்துக்குள்ள கலியாணம் செய்தனாங்கள். பிள்ளையளுக்குப் பரம்பரையா வருமோ?

பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்கள் பரம்பரை நோய்களல்ல. பரம்பரையாக வருவனவற்றில் முக்கியமானது லிஞ்ச் நோய்க்கூட்டம். பெற்றோரில் ஒருவரிடம் அந்த மரபணுக் குறை இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு ஐம்பது வீதம். மச்சானை மணந்தாலும் அயலாரை மணந்தாலும் அது மாறாது. அக்குடும்பங்களில் குடல் புற்றுநோயோடு கருப்பைப் புற்றுநோயும் காணப்படும், ஐம்பதுக்கு முன்பே வரக்கூடும். குடலில் நூற்றுக்கணக்கில் பொலிப் தோன்றும் வேறொரு பரம்பரை நோயும் இவ்வாறே கடத்தப்படுகிறது. இரு பெற்றோரிடமிருந்தும் குறை வந்தால் மட்டும் தோன்றும் அரிதான வகை ஒன்றும் உண்டு. சொந்தத்துக்குள் திருமணம் செய்வது அதற்கே வாய்ப்பைக் கூட்டும்.

கெதியாக் கண்டுபிடிச்சால் சுகம் வருமோ? பை வைச்சால் வாழ்க்கை முடிஞ்சுதெல்லோ?

அமெரிக்கப் பதிவுகளின்படி, குடலுக்குள் மட்டும் இருக்கும்போது கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ 90 வீதமானோர் ஐந்து ஆண்டுகளின் பின்னும் உயிரோடு இருக்கிறார்கள்; தூர உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டறியப்பட்டவர்களில் அது 15 வீதமளவே. சத்திரசிகிச்சை முதன்மையானது, நிலையைப் பொறுத்துக் கீமோவும், நேர்குடலாயின் கதிர்ச் சிகிச்சையும் சேரும். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். வடக்குக்குத் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. மகரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலைக்கு அனுப்பப்படுவோரும் உள்ளனர்.

மலம் வெளியேற வயிற்றில் பொருத்தும் பையை எல்லோருக்கும் வைப்பதில்லை; வைக்கப்பட்டவர்களில் பலருக்கு அது தற்காலிகமானது, சில மாதங்களில் மூடப்படும். வயிற்றுக் காயங்களுக்குப் பை வைக்கப்பட்டு, அதோடு தோட்டம் செய்து, பிள்ளைகளை வளர்த்தவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். பையைக் கண்டு அஞ்சிச் சத்திரசிகிச்சையை மறுக்க நினைப்பவர், முடிவெடுக்க முன் அவர்களில் ஒருவரோடு பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அப்பாவுக்கு ஒப்பரேசன் முடிஞ்சுது. பிள்ளையள் நாங்கள் இப்ப என்ன செய்ய வேணும்?

அவருடைய பயொப்சி அறிக்கையைப் பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். அலைபேசியில் படமும் எடுத்து, வெளிநாட்டில் உள்ள சகோதரர்களுக்கு அனுப்புங்கள். நோய் கண்டறியப்பட்டபோது அவருக்கு எத்தனை வயது என்பதை அதன் மேல் எழுதுங்கள். பொதுவான பரிந்துரை, பிள்ளைகளும் உடன்பிறந்தோரும் 40 வயதிலோ, நோயாளிக்குக் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்போ, இவற்றில் எது முந்துகிறதோ அந்த வயதில் கமரா பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்பது. அப்பாவுக்கு 46இல் என்றால் உங்களுக்கு 36இல். அந்த வயதை ஏற்கெனவே கடந்தவர், நோய்க்குறி எதுவும் இல்லாவிட்டாலும், அப்பாவின் அடுத்த கிளினிக் திகதிக்கு அவரோடு போய் அந்த மருத்துவரிடமே தமக்கும் துண்டு கேட்கலாம்.